கடவுளின் கீழ் ஒரே தேசம்: ஆறு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: பிலடெல்ஃபியா

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் பேத்தி. நியூ ஜெர்சியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். காலையில் பள்ளியில் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் கொடி உறுதிமொழியைப் போன வாரம் எனக்குச் சொல்லிக் காட்டினாள். "கடவுளின் கீழ் ஒரே தேசம்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "அம்மாச்சி, அது எந்தக் கடவுள்? நம்ம முருகனும் அதுல உண்டா?" என்று கேட்டாள். மதுரையில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் நான். அமெரிக்கச் சுதந்திரப் போரை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மாப்பிள்ளை சிரித்தார். "அத்தை, எங்க ஆபீஸ்லயும் இதே சண்டைதான். ஒருத்தர், இது கிறிஸ்தவ நாடாத்தான் தொடங்குச்சுன்னு சொல்வார். இன்னொருத்தர், நாட்டை நிறுவினவங்க மதத்தை அரசாங்கத்துக்குள்ளயே விடலைன்னு சொல்வார். ரெண்டு பேர் கையிலயும் மேற்கோள் இருக்கு." பள்ளிக்கு வசந்த விடுமுறை. சரி, அந்த மேற்கோள்கள் பிறந்த இடங்களையே போய்ப் பார்த்துவிடுவோம் என்று நாங்கள் நாலு பேரும் கிளம்பிவிட்டோம்.

முதலில் சுதந்திர மணி. விரிசல் விட்ட அந்த மணியின் மேல்விளிம்பில் ஓடுவது பைபிள் வாசகம், லேவியராகமம் 25:10. "தேசமெங்கும் அதின் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறக்கடவீர்கள்." இந்த நாட்டின் மிகப் பெரிய சின்னத்தின் மேலேயே வேத வசனம். ஆபீஸ் நண்பர்களில் முதலாமவருக்கு ஒரு புள்ளி என்றார் மாப்பிள்ளை.

சாலையைக் கடந்தால் சுதந்திர மண்டபம். பச்சை விரிப்புப் போட்ட மேசைகள் உள்ள ஒரே அறைதான். 1776-இல் சுதந்திரப் பிரகடனம், 1787-இல் அரசியல் சாசனம், இரண்டும் இங்கேதான். பிரகடனத்தில் கடவுள் நான்கு இடங்களில் வருகிறார்: இயற்கையின் கடவுளாக, படைத்தவராக, உலகின் நீதிபதியாக, காத்தருளும் பரம்பொருளாக. இயேசுவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பதினொரு வருஷம் கழித்து அதே அறையில் எழுதிய சாசனத்தில் கடவுளே வரவில்லை. தேதி போடும் இடத்தில் "நம் ஆண்டவரின் ஆண்டு" என்று அந்தக் கால வழக்கப்படி ஒரு சொல், அவ்வளவுதான். ஆறாம் பிரிவோ, எந்த அரசுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கவே கூடாது என்கிறது. அன்றைக்கு இதே பென்சில்வேனியாவில், பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் தேவனால் அருளப்பட்டவை என்று உறுதி சொன்னால்தான் சட்டமன்றத்தில் உட்கார முடியும். அந்த ஊர் மண்டபத்திலேயே இந்தப் பிரிவை எழுதியிருக்கிறார்கள்.

அந்த அறையில் நின்றபோது என் மனசில் ஓடியது 1787 ஜூன் 28. வாரக்கணக்காகச் சண்டை, மாநாடு உடைந்துவிடும் நிலை. 81 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுந்து, தினமும் காலையில் ஜெபத்தோடு தொடங்குவோம் என்றார். வாக்கெடுப்புக்கே விடாமல் கலைந்து போனார்கள். மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று நினைத்தார்கள் என்று அவரே தன் தாளில் குறித்து வைத்தார். அதற்கு 13 வருஷம் முன்னால், இரண்டு தெரு தள்ளியிருக்கும் தச்சர் மண்டபத்தில், காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதல் கண்டக் காங்கிரஸ் தன் மூன்றாம் நாள் கூட்டத்தை ஜெபத்தோடுதான் தொடங்கியது. ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே தலைமுறை. இரண்டாமவருக்கும் ஒரு புள்ளி. இந்தக் கணக்கு இப்படி முடியாது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

இரண்டாம் நாள்: மான்ட்பெலியர், வர்ஜீனியா

காலை முழுக்கக் கார்ப் பயணம். புளியோதரை கட்டிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. மதியம் ஆரஞ்ச் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஜேம்ஸ் மாடிசன் வளர்ந்த வீடு. தூரத்தில் நீல மலைத்தொடர்.

அரசியல் சாசனத்தின் தந்தை என்றுதான் இவரைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவருடைய 22 வயது எனக்குத் தெரியாது. 1774 ஜனவரியில் கல்லூரி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கொதிக்கிறார்: பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள், தங்கள் மதக் கருத்தைச் சொன்ன குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கிறார்கள். அவர்கள் பாப்டிஸ்ட் என்ற தனிக் கிறிஸ்தவப் பிரிவின் போதகர்கள். அன்றைய வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் திருச்சபைதான் அரசு மதம். அதன் குருமார் சம்பளத்துக்கு எல்லாரும் வரி கட்ட வேண்டும், பெரும்பாலும் புகையிலையாக. உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்தால் சிறை. அவர்கள் சிறைக் கம்பிக்குள்ளிருந்தும் பிரசங்கம் செய்தார்கள், வெளியே கூட்டம் நின்று கேட்டது. கடவுளை நம்பியவர்களைக் கடவுளின் பெயரால் பூட்டி வைத்த அந்தக் காட்சியில்தான் மாடிசனின் அரசியல் தொடங்குகிறது.

அப்புறம் 1784. பேட்ரிக் ஹென்றி, "விடுதலை கொடு, இல்லையேல் சாவு கொடு" என்று முழங்கியவராகச் சொல்லப்படும் அதே ஹென்றி, ஒரு மசோதா கொண்டுவந்தார். கிறிஸ்தவ போதகர்களுக்காக ஒரு வரி. எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டுகிறவரே தேர்ந்துகொள்ளலாம். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஜார்ஜ் வாஷிங்டனே இதைக் கண்டு தான் அவ்வளவு பதறவில்லை என்று கடிதம் எழுதினார். மாடிசன் 1785-இல் எழுதிய எதிர்ப்பு மனுவில் 15 காரணங்கள். என்னைப் பிடித்து உலுக்கியது மூன்று பென்ஸ் பற்றிய இடம். ஒரு குடிமகனிடம் மதத்துக்காக மூன்று பென்ஸ் மட்டும் கட்டாயமாக வாங்க அதிகாரம் உள்ள அரசு, நாளைக்கு அவனை எந்த மதத்துக்கும் கட்டாயமாக வளைக்க முடியும் என்கிறார். கிறிஸ்தவத்தை மட்டும் நிலைநாட்ட முடிந்தால், கிறிஸ்தவத்துக்குள் ஒரே ஒரு பிரிவை மட்டும் நிலைநாட்டுவதும் அதே அளவு எளிது என்கிறார்.

மாடிசனின் மனுவைவிட அதிகக் கையெழுத்து விழுந்தது இன்னொரு மனுவில். இந்த வரி நற்செய்தியின் ஆவிக்கே விரோதமானது என்று சொன்ன, பக்தர்களின் மனு அது. மசோதா செத்தது.

பின்கட்டு மர நிழலில் டென்னசியிலிருந்து வந்த ஒரு முதிய தம்பதியோடு பேச்சுக் கிடைத்தது. பெரியவர் பாப்டிஸ்ட். "ஜெபம் பண்ணினவர்கள்தான் இந்த நாட்டை உண்டாக்கினார்கள் அம்மா" என்றார். "அந்த ஜெபம் பண்ணினவர்களைச் சிறையில் போட்டதும் ஜெபம் பண்ணினவர்கள்தானே ஐயா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "மதம் இல்லாமல் ஒழுக்கம் நிற்காது என்று வாஷிங்டன் விடைபெறும் உரையில் சொன்னாரே, அதற்கு என்ன சொல்வீர்கள்?" என்றார். வாஷிங்டன் அப்படிச் சொன்னது உண்மைதான், 1796-இல். ஒழுக்கத்துக்கு மதம் வேண்டும் என்பதும் மதத்துக்கு அரசாங்கம் வேண்டும் என்பதும் வேறு வேறு என்று நான் சொன்னேன். அவர் மனைவி என் கையைத் தட்டிக் கொடுத்தார். பெரியவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, நானும் அவரை ஒத்துக்கொள்ள வைக்கப் போகவில்லை.

கிளம்பும் முன் வீட்டின் நிலவறைக்குப் போனோம். இங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் கதை அங்கே இருக்கிறது. செங்கல்லில் சின்னச் சின்ன விரல் தடங்கள், ஈரக் களிமண்ணை அள்ளிய அடிமைப் பிள்ளைகளுடையவை. மேல்மாடியில் மனச்சாட்சியின் உரிமை பற்றி எழுதிய கை, கீழே இந்தப் பிள்ளைகளையும் சொத்தாக வைத்திருந்தது. என் பேத்தி ஒரு தடத்தின் மேல் தன் விரலை வைக்கப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

மூன்றாம் நாள்: மான்டிசெல்லோ

தாமஸ் ஜெஃபர்சனின் வீடு குன்றின் மேல் இருக்கிறது. வீட்டைவிடக் கல்லறைதான் நான் பார்க்க வந்தது. தான் செய்தவற்றில் மூன்றை மட்டும் கல்லில் பொறிக்கச் சொல்லி எழுதி வைத்தார்: சுதந்திரப் பிரகடனத்தை எழுதியது, வர்ஜீனியா மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதியது, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நிறுவியது. இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்தது அதில் இல்லை.

அந்த நடுச் சட்டம்தான் இந்தப் பயணத்தின் நடுப்புள்ளி. 1786 ஜனவரி 16-இல் நிறைவேறியபோது அவர் பாரிஸில் தூதர். சட்டமன்றத்தில் ஓட்டுச் சேர்த்து நிறைவேற்றியது மாடிசன். யாரையும் எந்த வழிபாட்டுக்கும் போகவோ பணம் கொடுக்கவோ வற்புறுத்தக் கூடாது, மதக் கருத்தால் ஒருவருடைய குடியுரிமை கூடவோ குறையவோ கூடாது. அதன் சாரம் இவ்வளவுதான்.

முகவுரையில் "நம் மதத்தை அருளிய இயேசு கிறிஸ்து" என்று ஒரு சொல்லைச் சேர்க்க அன்றைக்குச் சிலர் முயன்றார்கள். பெரும்பான்மை அதைத் தள்ளிவிட்டது. 1821-இல் தன் வரலாற்றை எழுதும்போது ஜெஃபர்சன் இதைக் குறிப்பிட்டு, இந்தச் சட்டத்தின் காப்புக்குள் வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறார்: யூதர், பிற இனத்தார், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எந்த வகை நம்பிக்கையற்றவரும்.

இந்து! அந்த வரியைப் பேத்திக்குப் படித்துக் காட்டும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. வர்ஜீனியாவில் அன்று எத்தனை இந்துக்கள் இருந்திருப்பார்கள்? சட்டம் எழுதுகிறவன் தன் ஊரில் இல்லாத, ஒருவேளை இனி வரவே வராத மனிதனையும் எண்ணிப் பார்த்திருக்கிறான். "அப்போ முருகன் உண்டு" என்றாள் பேத்தி. உண்டு, கண்ணு.

அந்தப் பட்டியலில் இடம் இல்லாதவர்களும் இதே குன்றில்தான் இருந்தார்கள். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, அவருடைய கடனுக்காக 1827-இல் இந்த வீட்டு வாசலில் அவர்களில் 130 பேரை ஏலம் விட்டார்கள். சுதந்திரத்தின் நூல்களில் கையெழுத்திட்டவர் என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இத்தனை வருஷம்.

நான்காம் நாள்: வாஷிங்டன்

ஒரே நாளில் நிறைய நடந்தோம். கால் வீங்கிவிட்டது. நாடாளுமன்றத்தின் முன் படியில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு நான் சொன்ன கதையை மட்டும் முதலில் எழுதுகிறேன்.

1802 ஜனவரி 1. மாசசூசெட்ஸ் மாநிலம் செஷயர் ஊரிலிருந்து ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு ஒரு பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. எடை 1,235 பவுண்டு, ஏறக்குறைய 560 கிலோ. கொண்டுவந்தவர் ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். அடிமை ஒருவரின் கையும் படாமல் செய்தது என்று சொல்லிக் கொடுத்தார். மாசசூசெட்ஸில் அப்போதும் சபைக்கு வரி கட்டாயம், 1833 வரை அப்படித்தான். கனெக்டிகட்டில் 1818 வரை. அங்கே டான்பரி என்ற ஊரின் பாப்டிஸ்டுகள், எங்களுக்கு உரிமையாக இல்லாமல் தயவாகத்தான் மதச் சுதந்திரம் கிடைக்கிறது என்று ஜெஃபர்சனுக்கு எழுதியிருந்தார்கள். பாலாடைக்கட்டி வந்த அதே நாளில் அவர் பதில் எழுதினார். சபைக்கும் அரசுக்கும் நடுவே "பிரிவினைச் சுவர்" என்ற சொல் அந்தக் கடிதத்தில்தான் வருகிறது.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. நாடாளுமன்றக் கீழவைக் கூடத்திலேயே வழிபாடு. பிரசங்கம் செய்தவர் லீலண்ட். முன்னால் உட்கார்ந்து கேட்டவர், சுவர் என்று எழுதிய ஜெஃபர்சன்.

மாப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டார். "அப்போ ரெண்டு பேருமே ஜெயிச்சாங்களா அத்தை?"

அந்தக் கேள்விக்கு இன்று முழுவதும் பதில் தேடினேன். புதிய சாசனப்படி கூடிய முதல் நாடாளுமன்றம் 1789-இல் மதத்தை நிலைநாட்டும் சட்டம் கூடாது என்று சாசனத்தின் முதல் திருத்தத்தை முன்மொழிந்தது. அதே வருஷம் சம்பளத்துக்கு மதகுருவையும் நியமித்தது. அது தவறு என்று மாடிசன் வயதான பிறகு எழுதி வைத்தார். 1797-இல் வட ஆப்பிரிக்காவின் டிரிபோலி அரசோடான ஒப்பந்தம், இந்த அரசு எந்த வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்கிறது, மேலவையான செனட் எதிர்ப்பே இல்லாமல் ஏற்றது. 1892-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இது கிறிஸ்தவ தேசம் என்கிறது. மேற்கோளுக்கு மேற்கோள் வைத்தால் விடிய விடிய வைக்கலாம்.

பேத்தியின் உறுதிமொழிக்கு வருகிறேன். அதை 1892-இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். அவர் எழுதியதில் "கடவுளின் கீழ்" இல்லவே இல்லை! சோவியத் நாட்டோடு பனிப்போர் நடந்த 1954-இல் ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்டுச் சேர்த்தது அது. "கடவுளை நம்புகிறோம்" என்பது தேசிய முழக்கமானதும் 1956-இல்தான், நாணயத்தில் 1864 முதலே இருந்தாலும். நிறுவியவர்கள் சொன்னதாக எல்லாரும் நினைக்கும் சொற்கள் என் அண்ணன் பிறந்த காலத்துச் சொற்கள்.

"நான் அதைச் சொல்லணுமா, வேண்டாமா?" என்றாள். உன் இஷ்டம் என்றேன். 1943-இல் யெகோவா சாட்சிகளின் பிள்ளைகள் வழக்கில், யாரையும் கொடி வணக்கத்துக்கும் உறுதிமொழிக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எதிரே நிற்கும் இந்த உச்ச நீதிமன்ற வெள்ளைக் கட்டடத்தில்தான் தீர்ப்பானது. 1986-இல் கேரளத்தில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், நம் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம்தான் நின்றது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 2007 ஜூலையில் செனட்டின் காலை வழிபாட்டை முதல் முறையாக ஓர் இந்துப் புரோகிதர் நடத்தினார். பார்வையாளர் மாடத்திலிருந்து மூன்று பேர் கூச்சல் போட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். வெளியேற்றினார்கள், அவர் தொடர்ந்து ஓதி முடித்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மாடிசன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அரசாங்க மன்றத்தில் ஜெபம் என்று ஒன்று இருந்தால், யாருடைய ஜெபம் என்ற சண்டையும் கூடவே வந்து உட்காரும். செனட்டில் நம் மந்திரம் ஒலிப்பதைவிட, அங்கே எவருடைய மந்திரமும் ஒலிக்காமல் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன். மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி வரைக்கும் பேசினோம்.

ஐந்தாம் நாள்: பிராவிடன்ஸ், நியூபோர்ட்

நேற்று முழுக்க வீட்டில் கால் நீட்டி ஓய்வு, அதைப் பயணக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று விடிகாலையில் வடக்கே ரோட் ஐலண்ட்.

இந்த மண்ணைத் தொடங்கியவர் ரோஜர் வில்லியம்ஸ், கடுமையான பியூரிட்டன் போதகர். ஒருவருடைய மனச்சாட்சியில் அரசுக்கு வேலையில்லை என்றதற்காக மாசசூசெட்ஸ் இவரை 1635-இல் நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. பனிக் காலத்தில் தப்பி நடந்து, 1636-இல் நாரகன்செட் பூர்வகுடிகளிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸை நிறுவினார். சபை என்ற தோட்டத்துக்கும் உலகம் என்ற காட்டுக்கும் நடுவே ஒரு சுவர் என்று 1644-இலேயே எழுதினார். ஜெஃபர்சனுக்கு 158 வருஷம் முன்னால்! அவருடைய கவலை, காடு உள்ளே புகுந்து தோட்டம் பாழாகிவிடக் கூடாதே என்பது. மான்ட்பெலியரில் பெரியவரிடம் சொல்ல எனக்குத் தெரியாமல் போன பதில் இதுதான்.

நியூபோர்ட்டில் டூரோ யூத ஆலயம், 1763-இல் திறந்தது. 1790-இல் வாஷிங்டன் வந்தபோது இந்தச் சபையின் மோசஸ் சேக்சஸ் வரவேற்புக் கடிதம் கொடுத்தார். மதவெறிக்கு ஒப்புதல் தராத, கொடுமைக்குத் துணை போகாத அரசு என்ற புகழ்பெற்ற வரி வாஷிங்டனின் பதிலில் இருப்பதால் எல்லாரும் அதை அவருடையது என்கிறார்கள். அது முதலில் சேக்சஸ் எழுதியது. ஜனாதிபதி அதை அப்படியே திருப்பிச் சொல்லி, இனிச் சகிப்புத்தன்மை என்று பேச வேண்டாம், ஒரு கூட்டத்தின் தயவில் இன்னொரு கூட்டம் உரிமை அனுபவிப்பதாக இல்லை என்றும் எழுதினார்.

ஆறாம் நாள்: ஃப்ளஷிங், நியூயார்க்

நாளை ஊருக்குக் கிளம்புகிறேன். போகும் முன் பிள்ளையாரைப் பார்க்க வேண்டும் என்று மகள் ஃப்ளஷிங்குக்குக் கூட்டிப் போனாள். 1977-இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். அதை எழுப்ப முன்நின்றவர்களில் ஒருவர் கானாடுகாத்தானிலிருந்து வந்த அழகப்பா அழகப்பன். கருங்கல் கோபுரம், உள்ளே விபூதி மணம், நாதஸ்வரம். கோயில் நிற்கும் தெருவின் பெயர்ப்பலகையைப் பார்த்துதான் நின்றுவிட்டேன். பவுன் தெரு.

ஜான் பவுனின் வீடு இதே தெருவில், நடந்தே போகும் தூரம். 1661 வாக்கில் கட்டிய மர வீடு. உள்ளே போக முடியவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அப்போது இது டச்சுக்காரர்களின் நாடு. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இடம் கொடுக்கிறவர்களைத் தண்டிப்பேன் என்றார். 1657 டிசம்பர் 27-இல் இந்த ஊர்க்காரர்கள் 30 பேர் ஒரு மறுப்பு மனு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை என்பதை நான் பேத்திக்கு இரண்டு தடவை சொன்னேன். யூதரும் துருக்கியரும் எகிப்தியரும் ஆதாமின் பிள்ளைகள், எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் நாங்கள் கதவைச் சாத்த மாட்டோம் என்று எழுதினார்கள். மனுவை எழுதிக் கொடுத்த ஊர்க் கணக்கரைச் சிறையில் போட்டார்கள். 1662-இல் தன் வீட்டில் குவேக்கர் கூட்டம் நடத்த விட்டதற்காகப் பவுன் கைதானார். அபராதம் கட்ட மறுத்ததால் கப்பலேற்றினார்கள். ஹாலந்து வரை போய் வாதாடினார். 1663-இல் அங்கிருந்து ஸ்டைவசன்டுக்கு உத்தரவு வந்தது, மனிதர்களின் மனச்சாட்சியை நெருக்காதே என்று.

அந்த மனுவின் பழைய தாள் இப்போது நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கிறது, 1911 தீ விபத்தில் ஓரங்கள் கருகியது. அதன் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பேத்தியிடம் காட்டினேன். பெயர்களுக்கு நடுவே சில இடங்களில் வெறும் கோடும் கிறுக்கலும்.

"இது என்ன அம்மாச்சி?"

"கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க போட்டது."

"என்ன எழுதியிருக்குன்னே தெரியாம போட்டாங்களா?"

"யாராவது வாசிச்சுக் காட்டியிருப்பாங்க. கேட்டுட்டுத்தான் போட்டிருப்பாங்க."

கோயில் கேன்டீனுக்குத் திரும்பி நடந்தோம். தோசைக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்றது. வரிசையில் நின்றபடியே, வாசிச்சுக் காட்டினது யாரு என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.